டியூபாவின் மேல் சுரங்கள்: எல்லையை அளந்து, படிப்படியாக உயர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

பித்தளை ஊதுகருவிகளில் மிகத் தாழ்ந்த ஒலியுடைய டியூபாவைப் பழகத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். நடு சி-க்குக் கீழே உள்ள பி ஃபிளாட் வரை எப்படியோ வந்துவிடுகிறது. அதற்கு மேல் உதடு இறுகி மூடிக்கொள்கிறது, அல்லது விரலுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சுரம் வெளிப்படுகிறது. வலிமையால் அந்த இடத்தைக் கடந்துவிடலாம் என்று அழுத்தி ஊதுகிறவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறார்கள். சில அடிப்படை வேலைகளை வரிசை மாறாமல் செய்கிறவர்கள் பெரிய ஆரவாரமில்லாமல் கடந்துவிடுகிறார்கள். எனவே இந்த வழிகாட்டியில் பயிற்சிகளை விட அவற்றின் வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சுரங்களைக் குறிக்கும் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியானோவின் நடு சி இங்கே சி4. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே சி3. நடு சி-க்குச் சற்றே கீழே உள்ள பி ஃபிளாட் என்பது பி ஃபிளாட்3. எழுதப்பட்ட சுரத்தை அல்ல, காதில் கேட்கும் சுரத்தையே எல்லா இடங்களிலும் குறிப்பிடுகிறேன்.

1. எந்த டியூபா, எந்தச் சுரம் என்பதை உறுதிசெய்யுங்கள்

டியூபா என்ற ஒரே பெயரில் நான்கு அளவுக் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. பி ஃபிளாட் டியூபாவின் குழாய் நீளம் சுமார் 5.5 மீட்டர், சி டியூபாவினுடையது சுமார் 4.9 மீட்டர், இ ஃபிளாட் டியூபாவினுடையது ஏறத்தாழ 4 மீட்டர், எஃப் டியூபாவினுடையது சுமார் 3.7 மீட்டர். குழாய் குறுகக் குறுக, அதே மேல் சுரம் எளிதாகிறது. ஆகவே எஃப் டியூபா வாசிப்பவர் தொட்ட சுரத்தை பி ஃபிளாட் டியூபாவுக்கு இலக்காக வைத்துக்கொண்டு தன்னைத்தானே நொந்துகொள்வதில் பொருளில்லை.

இரண்டாவது குழப்பம் எழுத்துமுறையால் வருகிறது. ஆர்கெஸ்ட்ராவிலும் ராணுவ, கன்சர்ட் பேண்டுகளிலும் டியூபா பொதுவாக பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த சுரங்களுக்கான எழுத்துக்குறி), ஒலிக்கும் சுரத்திலேயே எழுதப்படுகிறது. இரட்சணிய சேனை பேண்டுகள் பின்பற்றும் பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு முறையிலோ இ ஃபிளாட் பேஸ், பி ஃபிளாட் பேஸ் (அங்கே டியூபாவுக்குப் பேஸ் என்றே பெயர்) இரண்டுக்கும் டிரெபிள் கிளெஃபில் (உயர்ந்த சுரங்களுக்கான எழுத்துக்குறி), ஒலிக்கும் சுரத்திலிருந்து இடம் மாற்றி எழுதுகிறார்கள். அங்கே ஐந்து கோடுகளுக்கு மேலே அமர்ந்திருக்கும் ஜி, இ ஃபிளாட் பேஸில் பி ஃபிளாட்3 ஆகவும், பி ஃபிளாட் பேஸில் எஃப்3 ஆகவும் ஒலிக்கும். "மேல் ஜி வந்துவிட்டது" என்று இருவர் சொன்னால், இருவரும் பேசுவது ஐந்து அரைச்சுர வித்தியாசமுள்ள இரு வேறு சுரங்களைப் பற்றியதாக இருக்கலாம். பியானோவிலோ டியூனரிலோ சரிபார்த்து, உங்கள் இலக்கு ஒலிக்கும் சுரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் எடுத்துக்காட்டுகள் யாவும் பி ஃபிளாட் டியூபாவுக்கானவை. மற்ற அளவுகளுக்கு விரல்கள் மாறும், வரிசை மாறாது.

2. உங்கள் எல்லை எங்கே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்

எல்லை என்று ஒற்றைச் சொல்லில் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று எல்லைகளை. கீழிருந்து ஏறிவரும்போது ஒரு கணம் எட்டிப் பிடிக்க முடிகிற சுரம் தொடும் எல்லை. சுருதி விலகாமல், ஒலி மெலியாமல் எட்டு எண்ணிக்கை வரை பிடித்திருக்க முடிகிற சுரம் நிறுத்தும் எல்லை. நீண்ட ஓய்வுக்குப் பிறகு, முன்னால் எந்தச் சுரமும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே நேராக எடுக்க முடிகிற சுரம் நுழையும் எல்லை. பயில்கிறவர்களிடம் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே மூன்று நான்கு அரைச்சுரமாவது இடைவெளி இருப்பது வழக்கம்.

மேடையில் எண்ணப்படுவது மூன்றாவது எல்லை மட்டுமே. ஆனால் தன் எல்லையைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலாவதையே சொல்கிறார் என்பதால், அந்தப் பேச்சுகளை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

அளக்கும் முறை எளிது. கால் மணி நேரம் உதட்டைச் சூடேற்றிய பிறகு, மெட்ரோனோமை 60-இல் வைத்து, மிதமான ஒலியில் ஒவ்வொரு சுரமாக எடுங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் மவுத்பீஸை உதட்டிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முந்தைய சுரத்தின் உதட்டமைப்பே அடுத்ததையும் தாங்கிக்கொள்ளும், அளவு பொய்யாகிவிடும். வெவ்வேறு நாள்களில் மூன்று முறை அளந்து, அவற்றுள் மிகக் குறைவானதையே உங்கள் எல்லையாகக் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஒத்திகைக்குப் பின் அளக்காதீர்கள். அப்போது தெரிவது களைப்பின் அளவுதான்.

பேண்டு இசைக்கு பி ஃபிளாட்3 வரை நம்பகமாக நுழைய முடிந்தால் பெரும்பாலான பகுதிகளைச் சமாளிக்கலாம். தனி வாசிப்பு நோக்கம் இருந்தால் டி4, அதன்பின் எஃப்4 என்று இலக்கு வைப்பது நியாயமானது.

3. மேலே போகும்போது கருவியில் என்ன நிகழ்கிறது

பி ஃபிளாட் டியூபாவின் அடிச்சுரம் வினாடிக்கு சுமார் 29 அதிர்வுகள் கொண்டது. வால்வு எதையும் அழுத்தாமல் கிடைக்கும் சுரங்கள் யாவும் அந்த 29-இன் மடங்குகளே. இவற்றை ஹார்மோனிக் என்கிறோம். அதிர்வுக் கணக்கில் அவை சம இடைவெளியில் இருந்தாலும், காதுக்கு மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே வருகின்றன. 2-ஆவது ஹார்மோனிக்கான பி ஃபிளாட்1-க்கும் 3-ஆவதான எஃப்2-க்கும் இடையே ஏழு அரைச்சுரம். 8-ஆவதான பி ஃபிளாட்3-க்கும் 9-ஆவதான சி4-க்கும் இடையே வெறும் இரண்டு. 11-க்கும் 12-க்கும் இடையே ஒன்றரை. படிகள் நெருங்கிக்கொண்டே போகிற ஓர் ஏணியில் ஏறுவதைப் போன்றது இது. கீழே கால் சற்றுத் தவறினாலும் அதே படியில்தான் இருப்பீர்கள், மேலே அதே அளவு தவறினால் வேறு படிக்குப் போய்விடுவீர்கள்.

கருவியின் விரிந்த முனையான பெல்லுக்கும் இதில் பங்கு உண்டு. குழாய்க்குள் போகும் ஒலியலையில் ஒரு பகுதி பெல்லின் வாயில் மோதித் திரும்பி வந்து உதட்டின் அதிர்வைத் தாங்கிப் பிடிக்கிறது. அதிர்வு உயர உயர, திரும்பி வருவது குறைந்து, வெளியே போவது கூடுகிறது. பெல் எவ்வளவு அகலமாக விரிகிறதோ அவ்வளவு சீக்கிரமாக அந்தத் தாங்கல் நழுவத் தொடங்குகிறது. கீழே கருவி உங்களைச் சுரத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. மேலே நீங்கள்தான் சுரத்தைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டும் புரிந்தால் பின்வரும் படிகளின் வரிசையும் புரியும். மேல் ஸ்தாயியில் விரல்கள் சுரத்தை நிர்ணயிப்பதில்லை. காதும் உதடும் காற்றும்தான் நிர்ணயிக்கின்றன.

4. முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டியவை

டியூனர், மெட்ரோனோம், ஒரு சிறு கண்ணாடி, சுரம் சரிபார்க்கப் பியானோவோ கீபோர்டோ இருந்தால் போதும். இவற்றை விட முக்கியமானது கருவியின் உயரம். மவுத்பீஸ் உங்கள் வாய்க்கு வர வேண்டும். நீங்கள் குனிந்து அதைத் தேடிப் போகக் கூடாது. உயரம் குறைந்தவர்கள் கழுத்தை நீட்டி ஊதுவதையும், உயரமானவர்கள் முதுகை வளைப்பதையும் அடிக்கடி காணலாம். இரண்டிலும் தொண்டை மடங்கி, வேகமான காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. மடியில் மடித்த துண்டு வைத்தோ, டியூபா ஸ்டாண்டு வைத்தோ இதைச் சரிசெய்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

மவுத்பீஸை இப்போது மாற்ற வேண்டாம். ஆழம் குறைந்த கிண்ணம் மேல் சுரங்களைச் சற்று எளிதாக்கும் என்பது உண்மைதான். அதற்கு விலையாகக் கீழ் ஸ்தாயியின் ஒலி மெலியும். பழக்கம் உருவாகும் முன் மவுத்பீஸை மாற்றினால், முன்னேற்றம் எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். வால்வு எண்ணெய், நீர் வெளியேற்றும் மூடியின் கார்க் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு காற்றுக் கசிவு கீழே தெரியாவிட்டாலும் மேலே சுரத்தையே குலைத்துவிடும்.

5. கீழ் ஸ்தாயியில் தொடங்குங்கள்

மேல் சுரம் வேண்டும் என்பவரைக் கீழே போகச் சொன்னால் முகம் சுளிப்பார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் பி ஃபிளாட்2-இல் தொடங்கி, அரைச்சுரம் அரைச்சுரமாக எஃப்1 வரையாவது இறங்கி, நீண்ட சுரங்களாக ஊதுங்கள். (மூன்று வால்வு மட்டுமே உள்ள கருவியில் இ1 வரை இறங்கலாம் என்பதால், அங்கும் இதற்குத் தடையில்லை.)

காரணம் இதுதான்: மேல் சுரத்துக்கு உதடு இறுக வேண்டும், ஆனால் அதிர்வதை நிறுத்தக் கூடாது. கீழ் சுரங்கள் உதட்டைத் தளர்த்தி, அதன் முழுப் பரப்பையும் அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வை இழக்காமல் சிறிது சிறிதாக இறுக்குவதே மேலே ஏறுவது. அதிர்வே இல்லாத இறுக்கத்திலிருந்து தொடங்குகிறவருக்குக் காற்றின் சீறல் மட்டுமே கேட்கும். பத்து நிமிடம் போதும்.

6. ஊதும் முன் பாடுங்கள்

பலர் தாண்டிவிடுகிற படி இது. வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சிகாகோ சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ், தசைகளைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, வர வேண்டிய ஒலியை மனத்தில் கேட்டுக்கொண்டு ஊதும்படி தம் மாணவர்களுக்குப் போதித்தார். மேல் ஸ்தாயியில் அந்தப் போதனை நேரடியாகப் பயன்படுகிறது. ஒரே விரலில் அடுத்தடுத்து மூன்று நான்கு சுரங்கள் காத்திருக்கும்போது, எது வேண்டும் என்று காது முடிவு செய்யாவிட்டால் உதடு கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளும்.

டியூபா வாசிப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. எஃப்3 முதல் எஃப்4 வரையிலான சுரங்கள் சாதாரண மனிதக் குரலுக்குள்ளேயே அடங்குகின்றன; பெரும்பாலான ஆண்களும் பெண்களும் அவற்றில் பலவற்றைச் சிரமமின்றிப் பாடிவிட முடியும். ஆகவே கீபோர்டில் சுரத்தைத் தட்டுங்கள், அதைப் பாடுங்கள், பிறகு மவுத்பீஸில் மட்டும் ஊதுங்கள், கடைசியாகக் கருவியில் ஊதுங்கள். மவுத்பீஸ் மட்டும் வைத்து ஊதும் பகுதியை இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். கருவியின் எதிர்ப்பு இல்லாத நிலையில் உதடு தேவைக்கு அதிகமாக இறுகப் பழகிவிடும்.

7. லிப் ஸ்லர்: இறங்கப் பழகிவிட்டு ஏறுங்கள்

நாக்கைப் பயன்படுத்தாமல், உதட்டாலும் காற்றாலும் மட்டும் ஒரு ஹார்மோனிக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே லிப் ஸ்லர். வால்வு அழுத்தாமல் எஃப்3-இலிருந்து டி3, பி ஃபிளாட்2 என்று அப்படி இறங்குங்கள். பிறகு அதே வடிவத்தை 2-ஆவது வால்வு, 1-ஆவது, 1-2, 2-3 என்று மாற்றிச் செய்யுங்கள். இது வழுக்கலில்லாமல் வந்த பிறகு பி ஃபிளாட்3-இலிருந்து எஃப்3-க்கு இறங்குங்கள். இடையில் 7-ஆவது ஹார்மோனிக்கான ஏ ஃபிளாட் 31 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்து ஒலிக்கும். வழியில் அது கேட்டால் பதறத் தேவையில்லை, அதைத் தெளிவாகத் தாண்டிப் பழகினால் போதும்.

இறக்கத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது உதடு தளர்கிறது, காற்று தொடர்கிறது. தவறு நேர்ந்தாலும் வலுக்கட்டாயம் நுழைவதில்லை. ஏறுவதில் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு ஹார்மோனிக்குக்கும் ஒரு தலையசைப்பும் ஒரு வயிற்று உதையும் கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். எதிரே கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள்; முகவாய் குழிந்து சுருங்கினாலோ, சுரம் மாறும் கணத்தில் தலை பின்னால் போனாலோ, இன்னும் ஏற்றத்துக்கு நேரம் வரவில்லை.

8. காற்றும் நாக்கும் உதட்டோரமும்

மேல் சுரத்துக்கு அதிகக் காற்று வேண்டும் என்பது பாதி உண்மை. வாய்க்குள் காற்றின் அழுத்தம் கூட வேண்டும்; ஆனால் வெளியேறும் காற்றின் அளவு கீழ் சுரத்துக்குத் தேவைப்படுவதை விடக் குறைவே. கீழே ஊதும் அதே கொள்ளளவைத் தள்ளினால் உதடு பிளந்துகொள்ளும், சுரம் உடையும்.

நாக்கின் நிலைக்குத் தமிழ் உயிரெழுத்துகளே நல்ல வழிகாட்டி. கீழே "தோ" என்று தொடங்கும் உச்சரிப்பு நடுவில் "தூ" ஆகி, மேலே "தீ"-யை நோக்கி நகர வேண்டும். "தீ" என்னும்போது நாக்கின் நடுப்பகுதி உயர்ந்து காற்றின் வழியைக் குறுக்குவதைச் சொல்லிப் பார்த்தாலே உணரலாம்.

இங்கேதான் மிகப் பரவலான பிழை நுழைகிறது. "தீ" என்று சொல்லும் பழக்கத்தில் உதடும் சிரிப்பதைப் போல இருபுறமும் விரிந்துவிடும். விரிந்த உதடு மெலிந்து, மவுத்பீஸின் விளிம்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் சீக்கிரமே களைத்துவிடும். டியூபா மவுத்பீஸின் உள்விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். அவ்வளவு பரப்பில் உதட்டுக்கு வெளியிலிருந்து எந்தத் தாங்கலும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். நாக்கு "தீ" சொல்லட்டும். உதட்டோரங்கள் "ஊ" சொல்லும் இடத்திலேயே உறுதியாக நிற்கட்டும். இரண்டையும் பிரித்துச் செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

9. மவுத்பீஸ் அழுத்தத்தைச் சோதியுங்கள்

கருவியை ஸ்டாண்டிலோ மடியிலோ நன்கு நிறுத்தி, இடக்கையை அதிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டு, எஃப்3 முதல் மேலே ஏறுங்கள். கையில்லாமல் எந்தச் சுரம் வரை போக முடிகிறதோ அதுதான் உதடு உண்மையில் தாங்கும் இடம். அதற்கு மேல் கையின் இழுப்பே உங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது. வாசித்து முடித்த பிறகு மேலுதட்டில் ஆழமான வளையத் தழும்பு அரை மணி நேரமாகியும் மறையாமல் இருப்பது இதற்கு இன்னொரு அடையாளம்.

சிறிதளவு அழுத்தம் எல்லாருக்கும் தேவை. அதை அறவே ஒழிக்க முயல்வது வீண். ஏறும்போது அது கூடிக்கொண்டே போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அழுத்தம் உதட்டுக்குள் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. அதனால் அன்று ஒரு சுரம் கூடக் கிடைத்தாலும், அடுத்த பத்து நிமிடத்தில் இருந்த சுரங்களும் போய்விடும். வலியோ மரத்துப்போதலோ தோன்றினால் அன்றைய மேல் ஸ்தாயி வேலை அத்துடன் முடிந்தது என்று கொள்ளுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

10. அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறுங்கள்

இப்போதுதான் எல்லையைத் தொடுகிறோம். நுழையும் எல்லையிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே தொடங்கி, நான்கு சுர வடிவம் ஒன்றை ஏறி இறங்கி வாசியுங்கள். சரியாக வந்தால் அரைச்சுரம் உயர்த்தி மீண்டும் அதையே வாசியுங்கள். ஒரு சுரம் இரண்டு முறை உடைந்தால் அன்று அதற்கு மேல் போக வேண்டாம். மூன்றாவது, நான்காவது முயற்சிகளில் உதடு கற்றுக்கொள்வது உடைவதை மட்டும்தான்.

விரல்கள் பற்றிய குறிப்பு: பி ஃபிளாட்3 திறந்த நிலை (வால்வு எதையும் அழுத்தாதது), பி3-க்கு 2-ஆவது வால்வு, அல்லது 1-2, சி4 திறந்த நிலை, சி ஷார்ப்4-க்கு 2-ஆவது வால்வு, டி4 திறந்த நிலை, இ ஃபிளாட்4-க்கு 1-ஆவது, இ4-க்கு 2-ஆவது, எஃப்4 மீண்டும் திறந்த நிலை. பி ஃபிளாட்3, சி4, டி4, எஃப்4 நான்கும் விரலில் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனியுங்கள். சி4 எடுக்கப் போய் டி4-ஐ எடுத்தால் விரல் உங்களைக் காட்டிக்கொடுக்காது. டியூனர்தான் சொல்லும்.

சுருதியைப் பொறுத்தவரை டி4 தனிக் கவனம் கேட்கும். அது 10-ஆவது ஹார்மோனிக். இயல்பாகவே 14 சென்ட் தாழ்ந்து நிற்கும். டியூனரின் முள் இடப்பக்கம் சாய்வதைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மேலே தள்ளுகிறவர்கள், அந்தச் சுரத்துக்கு மட்டும் ஒரு தனி உதட்டமைப்பை வளர்த்துக்கொண்டு, அடுத்த சுரத்தில் தடுமாறுகிறார்கள். அதற்குப் பதிலாக 1-2 வால்வுகளோடு 12-ஆவது ஹார்மோனிக்கில் அதே டி4-ஐ எடுத்துப் பாருங்கள். பல கருவிகளில் அது சுருதிக்கு நெருக்கமாக அமையும். உங்கள் கருவியில் எது பொருந்துகிறது என்பதைச் சோதித்து, தாளில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

11. ஓய்வைப் பயிற்சியின் பகுதியாகக் கணக்கிடுங்கள்

மேல் ஸ்தாயிக்கென்று நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். அதிலும் வாசித்த நேரத்துக்கு இணையான ஓய்வு அடங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்வது இன்னும் நல்லது. சூடேற்றல், கீழ் ஸ்தாயி, ஸ்லர் ஆகியவற்றுக்குப் பிறகும், பாடல் பகுதிகளுக்கு முன்பும் இதை வையுங்கள். கடைசியில் வைத்தால் களைத்த உதட்டில் அழுத்தம் தானாகவே வந்து சேரும். முடிந்ததும் சில நிமிடம் கீழ் சுரங்களை மெல்ல ஊதி உதட்டைத் தளர்த்திவிடுங்கள்.

மாதத்துக்கு ஓர் அரைச்சுரம் உயர்ந்தாலே அது நல்ல வேகம். சில மாதங்களில் எதுவும் நகராது.

12. ஓய்விலிருந்து நேராக நுழையப் பழகுங்கள்

ஏறிப் போய் நிறுத்த முடிகிற சுரத்தை உடனே பாடலில் நம்பாதீர்கள். முதலில் மனத்தில் பாடி, பிறகு நாக்கால் தொடாமல் "ஹூ" என்று காற்றால் மட்டும் தொடங்குங்கள். அப்படி வந்துவிட்டால் உதடும் காற்றும் சரியான இடத்தில் இருக்கின்றன என்று பொருள். நாக்கின் தாக்குதல் பல நேரங்களில் உதட்டின் குறையை மறைத்துவிடும் என்பதால், அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

அதன்பின் மிக மெல்லிய ஒலியில் அதே நுழைவைப் பழகுங்கள். உரக்க வரும் மேல் சுரம் பலரிடம் உண்டு. இசையில் கேட்கப்படுவதோ அடிக்கடி மென்மையாகத்தான். இறுதியாக, உங்கள் பகுதியில் அந்தச் சுரத்துக்கு முன்னால் உண்மையில் எத்தனை எண்ணிக்கை ஓய்வு இருக்கிறதோ அத்தனையும் எண்ணி, அதன்பின் நுழையுங்கள். இருபது எண்ணிக்கை சும்மா இருந்த உதடு வேறு, இப்போதுதான் வாசித்த உதடு வேறு.

13. கருவியை மாற்ற வேண்டிய இடம் எது

சில எல்லைகள் வாசிப்பவருடையவை அல்ல, கருவியுடையவை. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் பியானோப் படைப்பான கண்காட்சிச் சித்திரங்களை 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியபோது, "பிட்லோ" பகுதியின் டியூபா தனி வாசிப்பை ஜி ஷார்ப்4 வரை ஏற்றினார். அவர் கணக்கில் கொண்டிருந்தது அன்றைய பிரெஞ்சு டியூபா: ஆறு வால்வுகளும், இன்றைய சி டியூபாவின் பாதி நீளக் குழாயும் கொண்ட சிறிய கருவி. அதில் 8-ஆவது ஹார்மோனிக்கிலேயே, 2-3 வால்வுகளோடு, அந்தச் சுரம் கிடைத்துவிடும். டியூபாவைப் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய கருவியான யூஃபோனியத்திலும் 8-ஆவது ஹார்மோனிக்கே, முதல் வால்வோடு. எஃப் டியூபாவில் 10-ஆவது. பி ஃபிளாட் டியூபாவிலோ அது 14-ஆவது ஹார்மோனிக்கில், அதுவும் 31 சென்ட் தாழ்வாக, இருபுறமும் நெருங்கி நிற்கும் சுரங்களுக்கு நடுவே இருக்கிறது. இன்றைய ஆர்கெஸ்ட்ராக்கள் அந்தப் பகுதியை யூஃபோனியத்துக்கோ எஃப் டியூபாவுக்கோ கொடுப்பதற்கு இதுவே காரணம்.

என் கணிப்பில் எல்லைக்கோடு இப்படி: ஒரு பகுதியில் எஃப்4-க்கு மேல் ஓரிரு சுரம் எப்போதாவது வந்தால் உங்கள் கருவியிலேயே முயலலாம். டி4-க்கு மேலேயே நீண்ட நேரம் உலவும் பகுதியாக இருந்தால், அல்லது அந்தச் சுரங்கள் மென்மையாகத் தனியே ஒலிக்க வேண்டியிருந்தால், சிறிய டியூபாவைத் தேடுவதே சரி.

எஃப் டியூபாவுக்கு மாறுகிறவர்கள் எல்லா விரல்களையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். திறந்த நிலையில் எடுத்துப் பழகிய பி ஃபிளாட்3-க்கு அங்கே முதல் வால்வு. வாங்கும் முன் மேல் சுரங்களை மட்டும் ஊதிப் பார்த்து மயங்காதீர்கள். அவை எந்த எஃப் டியூபாவிலும் ஓரளவு நன்றாகவே வரும். எஃப்2-க்குக் கீழே சி2 வரையிலான சுரங்களை நீண்ட நேரம், மென்மையாகவும் உரக்கவும் ஊதிப் பாருங்கள். பல எஃப் டியூபாக்கள் அந்த இடத்தில்தான் அடைத்துக்கொண்டு, சுருதியிலும் அலைபாய்கின்றன.